பால்வண்டி இடாலினோவுக்கு வந்த நோய்

இடாலினோவுக்கு அந்த நோய் வந்திருக்கிறது என்று எங்கள் லின்யாவில் முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். இப்போது ஒத்துக்கொள்வது சுலபம். ஒத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் சோளமாவுக் களியான பொலெந்தாவைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

லின்யா என்றால் எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு மண்சாலையும் அதன் இரு பக்கமும் இருக்கிற வீடுகளும். எங்கள் சாலையில் மாடு வைத்திருப்பவர்கள் பதினோரு வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் இடாலினோ தொட்டிவண்டியோடு வருவார். குளிர்தொட்டியின் மூடியைத் திறந்து, பாலைக் கலக்கி, அளவுகோலை விட்டுப் பார்த்து, சின்னக் குப்பியில் பாலும் மருந்தும் கலந்து நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஹோஸை மாட்டி மோட்டாரைப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்துவிடுவார். பால் ஏற இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் காபியும் மேலே சர்க்கரைப் பொடி உதிர்த்த கூக்கா ரொட்டியும். அகெனோர் வீட்டில் சலாமியும் பாலாடைக்கட்டியும். வால்மோர் வீட்டில் பன்றிக் கொழுப்பில் பொரித்த பொலெந்தா. பதினோரு வீட்டிலும் உட்காருவார், பதினோரு வீட்டிலும் சாப்பிடுவார். ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்காரி விடுவாளா? அப்படித்தான் மனிதர் நூற்றைம்பத்திரண்டு கிலோ ஆனார். ஊரில் எல்லோரும் அவரைக் குண்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கென்றே நான் ஓர் இரும்பு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன்.

மார்ச் மாதம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று நகரத்துக்குப் போனார். ஒரு மாதம் வேறொருவர் வண்டி ஓட்டினார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"வேணாம் நெல்சி, வயிறு சரியில்ல" என்றார்.

சரி, ஆபரேஷன் ஆன உடம்பு என்று விட்டேன். அடுத்த முறையும் அதே. ஜூன் வந்தது, எங்கள் பக்கத்துக் குளிர்காலம், உறைபனி விழ ஆரம்பித்தது, அப்போதும் வயிறு சரியில்லை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கையை விடலாம். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுசு புதுசாக ஓட்டை போட்டிருந்தார். தொப்பியைக் கழற்றியபோது உள்ளே முடி கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. என் மாமா ஒருவர் இப்படித்தான் கரைந்து போனார். குடலிறக்கம் யாரையும் நாற்பது கிலோ இளைக்க வைக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாத" என்று வால்மோரின் பெண்டாட்டியிடம் சொன்னேன். அப்படியே இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன்.

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள். நோயாளியிடம் போய் உனக்கு அதுவா என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. கேட்காமல் சாப்பாடு கொண்டு போவோம். அந்த ஜூலையில் இடாலினோவின் வீட்டு வாசலில் வண்டி நிற்காத நாள் இல்லை. கோழி சூப், முட்டை போட்டுப் பிசைந்த மாவுப் பலகாரம், ஒயினில் வேகவைத்த பேரிக்காய், திராட்சை ஜாம். அவருடைய மனைவி தெர்சிலா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள். பாவம், தாங்க முடியாமல் தலையைக் குனிகிறாள் என்று நினைத்தோம்.

பிறகு வால்மோர் கோயில் கமிட்டியைக் கூட்டினார். அவர்தான் தலைவர். வீடு எரிந்தவனுக்கு, இடி விழுந்து மாடு செத்தவனுக்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் விருந்து போட்டு, சீட்டு விற்று, வந்ததைக் கொடுப்பது எங்கள் பழக்கம். ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு, இடாலினோவுக்காக, கரியில் சுட்ட கோழி. நெருப்புப் பொறுப்பு அகெனோருக்கு. வழக்கமாக அது இடாலினோவின் வேலை, அகெனோர் அவருக்குத் துணை. இருபது வருடமாக இருவரும் அந்தக் குழியின் இரண்டு முனையில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே கோழி சுட்டவர்கள்.

விருந்துக்குப் பத்து நாள் முன்னால் நான் ஒரு கூக்கா செய்து எடுத்துக்கொண்டு தெர்சிலாவின் வீட்டுக்குப் போனேன். முன்கதவில் ஆளில்லை. பின்பக்கம் பன்றிக் கொட்டகையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தொட்டியில் என் கூக்கா. செவ்வாய்க்கிழமை கொடுத்தது. என் வீட்டுத் தட்டின் வட்ட அச்சு அடியில் அப்படியே இருக்கிறது, மேலே பன்றியின் மூக்கு.

"தெர்சிலா! என் ரொட்டி உன் பன்னிக்கா?"

அவள் கையில் இன்னொரு சட்டி இருந்தது. வால்மோர் வீட்டுச் சூப். ஊற்றவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் நின்றாள்.

"நெல்சி, கத்தாத."

"கத்தாம? விடிகாலைல எழுந்து மாவு பிசைஞ்சேன்டி. சாப்பிட முடியலன்னா குடுக்காதன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நான் மட்டும் எவ்வளவு தின்ன முடியும்? ஏழு கிலோ ஏறிட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். "அவனுக்கு ஒண்ணும் இல்ல, நெல்சி. அந்த நோயும் இல்ல, எந்த நோயும் இல்ல. வயித்தை வெட்டிக்கிட்டான்."

"எந்த வயித்தை?"

"அவனுக்கு எத்தன வயிறு இருக்கு? குண்டு கொறையறதுக்குப் பண்ணுவாங்கல்ல, அது. வயித்தைச் சின்னதா வெட்டி, குடலை மேல இழுத்துத் தைச்சிருக்காங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில நாலு வருஷம் வரிசையில இருந்தான். சர்க்கரை, மூட்டு வலி, ராத்திரி மூச்சு நின்னு நின்னு வரும். இதைப் பண்ணாட்டா அம்பத்தஞ்ச தாண்டமாட்டன்னுட்டாங்க."

பன்றி அடுத்த சட்டிக்காக உறுமிற்று.

"அப்ப ஏன் குடலிறக்கம்னு சொன்னீங்க?"

"அவனைக் கேளு."

இடாலினோ மதியத்துக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், தெர்சிலாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். தெர்சிலா ஒரு காபிக் கோப்பையை வைத்தாள். சின்னது, இரண்டு வாய் காபி பிடிக்கிறது. அதில் மசித்த பூசணியும் உதிர்த்த கோழியும். அவ்வளவுதான் சாப்பாடு. ஒரு கரண்டி எடுப்பார், கரண்டியைக் கீழே வைப்பார், மெல்லுவார், சன்னலைப் பார்ப்பார். தண்ணீர் பக்கத்தில் இல்லை. சாப்பாட்டோடு குடித்தால் ஆகாதாம். அந்தக் கோப்பை தீர அரைமணி நேரம் ஆயிற்று. அடுப்பில் ஆறு பேருக்கான சட்டியில் பூசணி இருந்தது. சமைக்கிற கைக்கு இன்னும் பழைய அளவு மாறவில்லை என்றாள் தெர்சிலா.

"பசிக்காதா?" என்று கேட்டேன்.

"வயித்துக்குப் பசிக்கல. வாய்க்குத்தான் பசிக்குது. உன் வீட்டுல கூக்கா வாசனை வர்றப்ப வண்டிக்குள்ள போய் உக்காந்துக்கறேன். மே மாசம் ஒரு துண்டு தின்னேன், நீ பாக்கல. வேர்த்துக் கொட்டி, நெஞ்சு அடிச்சு, ரோட்டோரம் வண்டிய நிறுத்திப் படுத்துட்டேன். சாகப்போறேன்னு நெனச்சேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே அண்ணே. இதுல என்ன வெக்கம்?"

அவர் என்னைப் பார்த்தார். "நம்ம ஸ்கூல் டீச்சரம்மா இதே ஆபரேஷன் பண்ணிட்டு வந்தப்ப நெருப்புக் குழிகிட்ட நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? வயித்தை வெட்டி என்ன புண்ணியம், வாயைத் தைச்சிருக்கணும்னு. நீதான் ரொம்ப சிரிச்ச."

சிரித்திருந்தேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாள் அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"வால்மோர்கிட்டப் போய்ச் சொல்லிடு" என்றாள் தெர்சிலா. "கோழி வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல."

மறுநாள் நடந்தது எனக்குத் தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகு, இடாலினோவே சொல்லி. அகெனோரின் பால் அறையில் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தபோது அகெனோர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அறுபது வயது, பெண்டாட்டி செத்துப்போனவர், ஒன்பது மாட்டோடு தனியாக இருப்பவர்.

"குண்டா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"உனக்கு இருக்கறதுதான். எனக்குக் குடல்ல. போன மாசம் தெரிஞ்சது. மருந்து ஏத்தணும்ங்கறாங்க. வேணாம், கெடக்கட்டும், மாட்டை வித்துட்டுப் படுத்துக்கலாம்னு இருந்தேன். அப்பறம் உன்னைப் பாத்தேன். வண்டி ஓட்டற, ஹோஸ் இழுக்கற, ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேர்ந்து ஒரு நாள் லீவு போடல. இந்தச் சோம்பேறிப் பயலால முடிஞ்சா நம்மால முடியாதான்னு போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

இடாலினோ மோட்டாரைப் போட மறந்து நின்றார்.

"எப்படிடா இருக்கும்? மறைக்காமச் சொல்லு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, கேட்கிறவர் ஒரே ஆள், இருபது வருடச் சிநேகிதன். ஆனால் அகெனோரின் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததாம். அதை உடைக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நல்ல காரணம் மாதிரி இருந்தது, பாதி பொய். மீதிப் பாதி, சொல்ல வெட்கம்.

"வாந்தி வரும்" என்றார். "படுத்தா அடங்கிடும். நெறைய ஒரே தடவையில சாப்பிடாத, காபிக் கப்புல அளந்து சாப்பிடு. இனிப்பு வேணாம். முடி கொட்டும், பயப்படாத. நடக்கணும்."

அகெனோர் பென்சிலை எடுத்துப் பால் ரசீதின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்து இடாலினோவின் தோளைப் பிடித்து, "ஊருக்குத் தெரிய வேணாம். உனக்குப் பண்றமாதிரி எனக்கும் சூப்பைத் தூக்கிட்டு வருவாளுங்க" என்று சிரித்தார். இடாலினோ வண்டியில் ஏறி அடுத்த வளைவில் நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தார். அன்றைக்கு அவர் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.

விருந்துக்கு முந்தின சனிக்கிழமை வால்மோர் வீட்டுக்குப் போனார். போன கால் மணியில் திரும்பி வந்தார். வாசலிலேயே வால்மோர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாராம். "நீ எதுவும் பேச வேணாம், தைரியமா இரு" என்று திருப்பித் திருப்பிச் சொல்லி, வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம். அதற்குமேல் இவரால் வாயைத் திறக்க முடியவில்லை. தெர்சிலா அன்று அவரோடு பேசவில்லை.

ஞாயிறு காலை பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மண்டபத்துக்குப் பின்னால் அகெனோர் குழியில் கரியைப் பரப்பி நெருப்பை நிதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஒயினிலும் உப்பிலும் சால்வியா என்ற வாசனை இலையிலும் ஊறிய கோழிகள் கம்பியில் ஏறி வரிசையாக நின்றன. உள்ளே நாங்கள் பெண்கள் மாவுப்பையைப் பிரித்து, செப்புக் கொப்பரையில் பொலெந்தா போட்டோம். அதை விடாமல் கிண்ட வேண்டும், விட்டால் அடிபிடித்துவிடும். இருவர் கிண்ட, இருவர் கீரையில் பன்றிக்கொழுப்பைச் சுடச்சுட ஊற்ற, சூப் பாத்திரங்கள் வெளியே போயின. எனக்குத் தோள் கடுத்தது. வேலை இருந்ததே நல்லது என்று நினைத்தேன், யாரிடமும் பேச வேண்டியதில்லை.

முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து லின்யாக்காரர்களும் வந்திருந்தார்கள். இடாலினோவையும் தெர்சிலாவையும் மேடைக்கு முன்னால் தனி மேசையில் உட்கார வைத்து, பூ வைத்து, மண்டபத்திலேயே பெரிய தட்டை அவர் முன்னால் வைத்தார்கள். வால்மோர் மைக்கை எடுத்தார். பதினோரு வீட்டின் பாலையும் மழையிலும் பனியிலும் சுமந்தவர் என்றார், இன்று நாம் அவரைச் சுமப்போம் என்றார், குரல் உடைந்து மைக்கை இடாலினோவிடம் நீட்டிவிட்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தெர்சிலா மேசைக்கு அடியில் அவருடைய காலைப் பலமாக மிதித்தாள். அதை நான் அடுப்படிச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

"உக்காருங்க" என்றார் இடாலினோ. "சூப் ஆறுது."

யாரும் உட்காரவில்லை.

"எனக்கு அந்த நோய் இல்ல."

கிழவி ஒருத்தி எங்கள் கோயில் புனிதரைக் கூப்பிட்டு, "சான் ரோக்கே!" என்று கையை உயர்த்தினாள். "குணமாயிடுச்சு! சாமி காப்பாத்திட்டார்!" மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். இடாலினோ இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.

"இல்ல! இல்லங்க! எப்பவுமே இல்ல! மணியை நிறுத்துங்க!"

மணி நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவர் மைக்கோடு நின்றார். வேர்த்திருந்தது.

"மார்ச்சுல பண்ணது குடலிறக்கம் இல்ல. குண்டு கொறைய வயித்தை வெட்டிக்கிட்டேன். டீச்சரம்மா பண்ணிக்கிட்டாங்களே, அதே. அந்த அம்மாவை நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கே தெரியும். என்னையும் அப்படிச் சொல்வீங்கன்னு மறைச்சேன். நீங்க அழுதீங்க, சாப்பாடு கொண்டாந்தீங்க, அப்பவும் மறைச்சேன். தப்பு எம்மேல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

"என் வீட்டுல ஒரு மாசம் முட்டி போட்டு ஜெபமாலை சொன்னோம்டா!"

"பன்னெண்டு கோழி குடுத்தேன், நல்லா முட்டை போடற கோழி!"

"சாகப்போறவனாச்சேன்னு சீட்டாட்டத்துல மூணு தடவ உன்னை ஜெயிக்க விட்டேன், திருட்டுப் பயலே!"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மோசமாக இருந்தது. தெர்சிலா எழுந்து அவர் பக்கத்தில் நின்றாள். வால்மோர் அவமானத்தில் சிவந்து, "யார்தான் முதல்ல இந்தப் பேச்சைக் கிளப்பினது?" என்று கேட்டார். நான் குனிந்து கொப்பரையைக் கிண்டினேன். பொலெந்தா ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தது.

அப்போது அகெனோர் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். இடுப்பில் கரி படிந்த துணி, கையில் நீளக் கம்பி. கூட்டம் வழி விட்டது. அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன், பலரும் நினைத்திருப்பார்கள். இடாலினோ நகரவில்லை. அடித்துவிட்டால் தேவலை என்றிருந்ததாம்.

"அன்னிக்கு எங்கிட்ட சொன்னதெல்லாம்?" என்றார் அகெனோர்.

இடாலினோ மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "என் வயித்தைப் பத்தினது."

"மருந்தைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது. மன்னிச்சிரு."

என்ன மருந்து, யாருக்கு என்று முன்வரிசையில் முணுமுணுப்பு. அகெனோர் கம்பியை மேசையில் வைத்துவிட்டு இடாலினோவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு மைக்கைப் பிடுங்கினார்.

"கோழி கருகுது, சீக்கிரம் சொல்லிட்டுப் போறேன். விருந்து வீணாகல. ஆளைத்தான் மாத்திப் போட்டுட்டீங்க. அது எனக்கு. குடல்ல. செவ்வாக்கிழமை மருந்து ஏத்த ஆரம்பிக்கறாங்க." இடாலினோவைக் கைகாட்டினார். "இந்தப் பய இன்னிக்கு எழுந்து நின்னான் பாருங்க, இல்லாட்டி நான் வாயத் தெறந்திருக்கமாட்டேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. வால்மோர் முதலில் அகெனோரிடம் போனார், அவர் பின்னால் எல்லோரும். கிழவிகள் அகெனோரின் கரிக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். பூவும் பெரிய தட்டும் அவர் முன்னால் போயின. இடாலினோவைப் பார்க்க ஆளில்லை. அவர் பின்கதவு வழியாகக் குழிக்குப் போய்க் கருகிக்கொண்டிருந்த கம்பிகளைத் திருப்ப ஆரம்பித்தார்.

அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர்தான் அகெனோரை நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். எட்டு முறை ஆகிவிட்டது. மருந்து பிடிக்கிறது என்கிறார்கள். வழியில் அகெனோர் யாரைப் பார்த்தாலும், "இவன்தான் எனக்குத் தைரியம் குடுத்தவன்" என்று சொல்கிறாராம். ஊரும் பழசை மன்னித்துவிட்டது. சீட்டாட்டக்காரர் மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் பால் ஏறிக்கொண்டிருந்தபோது இடாலினோ என் அடுப்படியில் நின்று, முட்டை ஒன்றை உரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு சொன்னார்:

"அகெனோர் அன்னிக்கு மைக்ல சொன்னதும் எல்லாரும் அவன்கிட்ட ஓடினாங்கல்ல. அவன் சாகப்போறான்னு ஊரே அழுதுது. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா நெல்சி? அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே யாரும் என்னைப் பாக்கமாட்டாங்கன்னு. உண்மையாவே மூச்சு வந்துச்சு."

நான் உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தைரியம் குடுத்தவன்னு அவன் சொல்றப்பல்லாம் ஸ்டியரிங்கையே பாத்துட்டு ஓட்டறேன்" என்றார். மீதி முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஹோஸைக் கழற்றப் போனார்.